அந்த ஸ்வீடன் இரத்தக் காட்டேரிப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி: 5 ஜனவரி 2024, மாலை 5.20

2008-இல் வந்த ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்னும் ஸ்வீடன் படத்தை நேற்று இரவு பார்த்து முடித்தேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். அதில் பாதி நேரம் பனிதான் விழுகிறது. பேய் வருகிறது, பயம் வரவில்லை. பையன் சத்தமாக அழுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. இதைப் போய் இரத்தக் காட்டேரிப் படங்களில் சிறந்தது என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். புரியாத மொழியில் மெதுவாக நகர்ந்தால் அது கலைப்படம் ஆகிவிடுமா? பிடித்தவர்கள் விளக்க வேண்டும்.

5 ஜனவரி, மாலை 7.10

2009-இல் முதன்முறை பார்த்தபோது எனக்கும் இதே எரிச்சல்தான் வந்தது. இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பி, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, நண்பர் ஒருவர் கொடுத்த வட்டைப் போட்டேன்; பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது நீச்சல் குளமும் தண்ணீருக்குள் ஒரு பையனின் தலையும் திரையில் இருந்தன. ஒன்றும் புரியாமல் அணைத்துவிட்டு, ‘சவசவ என்று ஒரு படம்’ என்று அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

வெளியே இருக்கும் ஒன்று உள்ளே வந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் பேய்ப்படங்கள் ஓடுகின்றன. இந்தப் படத்துப் பையனோ, யாராவது உள்ளே வரமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஒன்றுதான். மற்றதை நாளை எழுதுகிறேன்; பணிக்குக் கிளம்ப வேண்டும்.

6 ஜனவரி, பிற்பகல் 3.30

கதை 1982-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஸ்டாக்ஹோமின் மேற்குப் பக்கம் உள்ள பிளாக்கெபெர்க் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிறது. 2004-இல் வந்த மூல நாவலை எழுதிய யான் அய்விடே லிண்ட்க்விஸ்ட் அங்கேயே வளர்ந்தவர், திரைக்கதையும் அவருடையதே. ஓஸ்கர் என்னும் பன்னிரண்டு வயதுப் பையன் அங்கே தாயுடன் வாழ்கிறான். தந்தை வேறிடத்தில் இருக்கிறார். பள்ளியில் மூன்று பையன்கள் அவனை வாட்டி எடுக்கிறார்கள். ஒரு நாள் இரவு பக்கத்து வீட்டுக்கு ஒரு வயதானவரும் ஒரு சிறுமியும் டாக்சியில் வந்து இறங்குகிறார்கள். வந்ததும் அந்த மனிதர் செய்யும் முதல் வேலை, சன்னலை அட்டை வைத்து அடைப்பது.

1982-இல் எனக்கும் பன்னிரண்டு வயது. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், ஒன்பதாவது மாடியில், மூவறை வீடு. நடந்து போகும் தூரத்தில் 1979-இல் கட்டிய டிராகன் விளையாட்டுத் திடல் மணலோடு இருந்தது. ஓஸ்கர் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த இரும்புச் சட்ட ஏணியைப் பார்க்கும்போதெல்லாம், வெயிலில் சுட்டுப்போன கம்பியைப் பிடித்து உள்ளங்கையை உதறியது எனக்கு நினைவுக்கு வரும். அவனுக்குக் கம்பி சில்லிட்டிருக்கும் என்பது ஒன்றுதான் வேறுபாடு. அவன் கையில் இருக்கும் ரூபிக் கனசதுரம் எங்கள் வகுப்பிலும் எல்லோர் கையிலும் இருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு மற்ற ஐந்து பக்கங்களை யாருக்கும் காட்டாமல் மறைத்து வைப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 1981-இன் தொடக்கத்தில் தோ பாயோவில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அதே வட்டாரத்தில் தன்னைச் சாமியாடி என்று சொல்லிக்கொண்டு பரிகாரம் செய்துவந்த அட்ரியன் லிம் என்பவனும் அவனுடன் இரண்டு பெண்களும் பிடிபட்டார்கள்; 1988-இல் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு பல மாதங்கள் விளக்கு வைத்த நேரத்துக்கு மேல் எங்களைக் கீழே விடவில்லை. கொலைகாரன் காட்டிலிருந்தோ கோட்டையிலிருந்தோ வரவில்லை. நாங்கள் ஏறியது போன்ற மின்தூக்கியில் ஏறி, எங்கள் கதவைப் போன்ற ஒரு கதவைத் திறந்து, வீட்டுக்குள் போனவன் அவன். ஓஸ்கர் கொலைச் செய்திகளைக் கத்தரித்து ஓர் ஏட்டில் ஒட்டி வைக்கும் காட்சியைப் பலர் அவன் மனக்கோளாறின் அடையாளமாக எழுதுகிறார்கள். அப்பா படித்துவிட்டு வைத்த நாளிதழை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்து நானும் படித்தேன். எனக்குக் கோளாறு இருந்ததாக அப்போது யாரும் சொல்லவில்லை.

ஸ்வீடன் 1965 முதல் 1974 வரை பத்து இலட்சம் வீடுகள் கட்டிய பெருந்திட்டத்தில் எழுந்த குடியிருப்புதான் பிளாக்கெபெர்க். 1960-இல் தொடங்கிய நம்முடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) போன்றது. ஒரே மாதிரிச் சன்னல்கள், ஒரே மாதிரி முற்றம், யாருக்கும் யாரையும் தெரியாது.

6 ஜனவரி, இரவு 9.15

மேலே எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. பிளாக்கெபெர்க் அந்தப் பெருந்திட்டத்துக்கு முந்தியது. 1950-களில் கட்டப்பட்டது, சுரங்க ரயில் நிலையம் 1952-இலேயே திறந்தாயிற்று. அதாவது கதை நடக்கும்போது அந்த வீடுகளுக்கு முப்பது வயது ஆகிவிட்டது. சுவரெல்லாம் பழகிப்போன சுவர். ‘யாருக்கும் யாரையும் தெரியாது’ என்பதும் சரியில்லை. அங்கே ஒரு குடிகாரக் கூட்டமே ஒன்றாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருக்கிறது. தெரியாதவர்கள் பிள்ளைகள்தாம்.

7 ஜனவரி, காலை 10.40

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீவக வீட்டில் இரவில் மேல்மாடியில் கோலிக்குண்டு உருளும் ஓசையைக் கேட்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் மாறுவதால் வருவது என்று விளக்கம் சொல்கிறார்கள். சிறு வயதில் எங்கள் மேல்வீட்டில் பிள்ளைகளே இல்லை என்று தெரிந்த பிறகும், நானும் தங்கையும் அங்கே விளையாடும் பையனுக்கு ஒரு பெயரே வைத்திருந்தோம். பயந்ததாக நினைவில்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்றே தோன்றியது.

ஓஸ்கரும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுவரைத் தட்டி மோர்ஸ் குறியில் பேசிக்கொள்வது எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்தால் அந்தக் கோலிக்குண்டில்தான் போய் நிற்கிறேன். படத்தில் காதல் காட்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அவன் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு சுவரில் காதை வைத்திருக்கும் காட்சியைத்தான் சொல்வேன்.

8 ஜனவரி, காலை 9.05

பணி முடிந்து வந்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுத முடியாது.

இரத்தக் காட்டேரியான அந்தக் குழந்தையோடு வந்த ஹோகன் என்பவர், காட்டில் ஒரு பையனை மயக்கி, தலைகீழாகத் தொங்கவிட்டு, கழுத்தை அறுத்து, புனல் வழியாகப் பிளாஸ்டிக் கேனில் இரத்தம் பிடிக்கிறார். பாதியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் நாய் வந்து உட்கார்ந்து அவரையே பார்க்கிறது. நாயின் சொந்தக்காரர்கள் நெருங்கிவர, கேனை விட்டுவிட்டு ஓடுகிறார். இரண்டாம் முறை பார்த்தபோது நான் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஓடாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. உடலைவிட்டு வெளியேறிய இரத்தம் பத்து நிமிடத்துக்குள் கட்டிபடத் தொடங்கிவிடும். அதனால்தான் நாங்கள் ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற மருந்தைப் பூசி வைத்திருக்கிறோம், நீல மூடிக் குழாயில் சிட்ரேட் வைத்திருக்கிறோம். குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் அதிலும் கட்டி தட்டி, மாதிரியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இரவில் நான் செய்யும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். ஹோகனோ ஒன்றும் சேர்க்காமல் கேனில் பிடிக்கிறார். வீடு போய்ச் சேரும்போது அதில் அகர் அகர்தான் இருக்கும்.

8 ஜனவரி, மாலை 6.30

கேன்டீனில் இதைச் சொன்னபோது உடன் வேலை செய்பவர் இரண்டு திருத்தங்கள் சொன்னார். பிளாஸ்டிக்கில் இரத்தம் கண்ணாடியில் உள்ளதைவிடத் தாமதமாகவே கட்டிபடும். கண்ணாடியின் மேற்பரப்புதான் அந்த வேலையைத் தூண்டிவிடும். குளிரும் அதைத் தாமதப்படுத்தும். வெளியே பனி கொட்டும் காட்டில் என் பத்து நிமிடக் கணக்கு செல்லாது. ஒப்புக்கொள்கிறேன். ஹோகனை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன், ஆனாலும் அவர் தொழிலில் திறமைசாலி இல்லை.

அவர் சொன்னதைக் கேட்டு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் நாள் முழுவதும் ‘இரத்தம் உறைதல்’ என்று எழுதுகிறோம். பனியும் உறைகிறது. ‘உறைதல்’ என்றால் தங்கி வாழ்தல் என்றும் பொருள். உறைவிடம் என்கிறோம், கோயிலில் இறைவன் உறைகிறான் என்கிறோம். இந்தப் படத்துக்கு அந்த ஒரு வினைச்சொல்லே போதும். ஸ்வீடன்காரர்களுக்கு இது கிடைத்திருக்காது என்று எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

9 ஜனவரி, இரவு 8.00

‘புரியாத மொழி’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சப்டைட்டில் படிக்கும் கண்ணும் சத்தம் கேட்கும் காதும் தனித்தனியே வேலை செய்வதால், மொழி தெரிந்தவர் கவனிக்காமல் விடக்கூடிய ஒலிகள் நமக்குக் கேட்கின்றன. முதல் சந்திப்பில் அந்தச் சிறுமியின் குரலைக் கேளுங்கள். உருவம் பன்னிரண்டு, குரல் அதைவிட வயதானது, சற்று ஆழமானது. நடித்தவர் லீனா லியாண்டர்சன்; குரல் அவருடையது அன்று, ஏலிஃப் ஜெய்லான் என்னும் இன்னொரு பெண்ணுடையது. இயக்குநர் தோமாஸ் ஆல்ஃபிரெட்சன் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்.

கதாநாயகியின் வாய் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்பதில் நமக்கு எந்த வியப்பும் இல்லை. தமிழ்த் திரையில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் நம் படங்களில் அந்த இரண்டும் ஒட்டியிருப்பதாக நம்மை நம்பவைக்க அரும்பாடு படுவார்கள். இங்கே ஒட்டாமல் இருப்பதே வேலை செய்கிறது. ‘உனக்கு எத்தனை வயது’ என்று கேட்டால், பன்னிரண்டு என்றும், ஆனால் நெடுங்காலமாகப் பன்னிரண்டு என்றும் பதில் வரும்போது, அந்தக் குரல் முன்பே அதைச் சொல்லிவிட்டிருக்கிறது.

9 ஜனவரி, இரவு 8.20

பெயரை ஏன் இதுவரை எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதினால் எலி ஆகிவிடும் என்ற தயக்கம்தான். ஸ்வீடன் மொழியில் முதல் எழுத்து நெடிலாகவே ஒலிக்கிறது, ஆகவே ‘ஏலி’. நம் கௌரவமும் காப்பாற்றப்பட்டது.

10 ஜனவரி, பிற்பகல் 2.15

பெயரைவிடப் பெரிய சிக்கல், விகுதி. மேலே ‘சிறுமி’, ‘பெண்ணுடையது’ என்றெல்லாம் தயங்காமல் எழுதிவிட்டேன். ஏலியோ படத்திலேயே, தான் பெண் இல்லையென்றாலும் பிடிக்குமா என்று ஓஸ்கரிடம் கேட்கிறது. ஏலி உடை மாற்றும்போது கதவிடுக்கில் ஒரு தழும்பு ஒரே நொடி தெரிகிறது. அதற்கு விளக்கம் எதுவும் இல்லை. நாவலைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும், ஏலி சில நூற்றாண்டுகளுக்கு முன் விதையடிக்கப்பட்ட எலியாஸ் என்னும் பையன் என்று. அந்த ஒரு நொடி தணிக்கை பற்றிய விவாதமாகவே பல இடங்களில் முடிந்துபோவது எனக்கு வருத்தம். அது படத்தின் மிகச் சோகமான நொடி.

தமிழில் எழுதுபவர் ‘வந்தாள்’ என்றோ ‘வந்தான்’ என்றோ முடித்தாக வேண்டும். நான் யோசித்துவிட்டு ‘வந்தது’ என்று எழுத முடிவு செய்தேன். பேயை அஃறிணையாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ‘குழந்தை தூங்குகிறது’, ‘குழந்தை சாப்பிட்டதா’ என்று சொல்கிறோமே, அந்த ‘அது’. ஆணா பெண்ணா என்று கேட்காத அன்பு நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது.

11 ஜனவரி, இரவு 10.30

இப்போது படத்தின் தலைப்புக்கு வருகிறேன். ‘தகுந்தவரை உள்ளே விடு’ என்று பொருள். அழைக்காமல் இரத்தக் காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதி 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலிலேயே உண்டு. அதற்குப் பின் வந்த படங்கள் அதைப் பூண்டையும் சிலுவையையும் போல ஒரு தந்திரமாகவே பயன்படுத்தின. விதியை மீறினால் என்ன ஆகும் என்று கேட்டது, நான் பார்த்தவரையில், இந்தப் படம்தான்.

ஓஸ்கர் கோபத்தில் இருக்கிறான். ஏலி வாசலில் நின்று, உள்ளே வரச் சொல் என்கிறது. அவன் சொல்லாமல், வாயேன், என்ன தடுக்கிறது, காற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேலி செய்கிறான். விரலை மடக்கி அழைக்கிறான். ஏலி உள்ளே வந்து நிற்கிறது. சில நொடிகள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உடல் நடுங்குகிறது, சட்டையின் முதுகில் சிவப்பு பரவுகிறது, தலைமயிருக்குள்ளிருந்து, காதிலிருந்து, கண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது. அவன் அலறிக்கொண்டு கட்டிப்பிடித்து, வரலாம், நீ உள்ளே வரலாம் என்கிறான். இருபத்தெட்டு ஆண்டுகளாக நாள்தோறும் இரத்தத்தைப் பார்க்கிறேன். திரையில் இரத்தத்தைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது இந்த ஓர் இடத்தில்தான்.

இதை நம்மவர்களுக்கு விளக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். ‘மதியாதார் வாசலை மிதியாதே’ என்று சொல்லி வளர்த்த கூட்டம் நாம். இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்யாணத்தில் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதற்காக இன்றுவரை பேசாமல் இருக்கும் உறவினர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். நிலைப்படியில் நின்றுகொண்டு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று அம்மா சொல்வார். வீவக வீட்டிலோ மரக்கதவுக்கு முன்னால் இரும்புக் கதவு வேறு. பாதிப் பேச்சு அந்தக் கம்பிகளுக்கு இடையிலேயே முடிந்துவிடும். தீபாவளிக்கு முந்திய நாள் பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அத்தை) முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு போவேன். டப்பா கம்பிக்கு இடையே நுழையாது. அவர் சாவியைத் தேடி எடுத்து வந்து பூட்டைத் திறக்கும் வரை, உள்ளே வெளியே என்று எதிலும் சேராமல் அந்த நடைபாதையில் நிற்கும் அரை நிமிடம் இருக்கிறதே, இந்தப் படம் முழுக்க அந்த அரை நிமிடம்தான்.

12 ஜனவரி, காலை 9.40

ஓஸ்கரின் தந்தையைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது நான் முதலில் நினைத்தது போலவே இருக்கிறது. நாட்டுப்புறத்து வீட்டில் தந்தையும் மகனும் மகிழ்ச்சியாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆண் நண்பர் வருகிறார். தந்தையின் கவனம் மாறுகிறது. பையனின் முகம் இறுகுகிறது. அன்றிரவே அங்கிருந்து கிளம்பிவிடுகிறான். அந்த நண்பர் தந்தையின் காதலர் என்று நானும் எண்ணியிருந்தேன். ஸ்வீடனுக்கு வெளியே பலர் அப்படித்தான் எண்ணினார்கள். நாவலில் ஐயத்துக்கே இடமில்லை. தந்தை குடிக்கு அடிமை. மேசை மேல் வைக்கப்படும் அந்தப் புட்டிதான் காட்சியின் மையம்.

இதை நான் தவறவிட்டது வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் புட்டியை எனக்குத் தெரியும். அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தார். சனிக்கிழமை மாலையில் எனக்குக் கேரம் சொல்லிக் கொடுப்பார். காயை எப்படி வெட்டித் தள்ளுவது என்று என் விரலைப் பிடித்துக் காட்டுவார். மின்தூக்கிக் கதவு திறக்கும் ஓசையும், அதைத் தொடர்ந்து ஒரு பிளாஸ்டிக் பையின் சரசரப்பும் கேட்கும். ‘வாங்க மாமா’ என்று நான்தான் கதவைத் திறக்க வேண்டும். அப்பா எழுந்து போய்க் குவளைகளை எடுத்து வருவார். பலகையில் காய்கள் அப்படியே கிடக்கும். யாரும் திட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். இன்னும் சொல்லப்போனால் மாமா எனக்கு ஐம்பது காசு கொடுப்பார். அந்தக் காட்சியிலும் யாரும் பையனைத் திட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

‘தகுந்தவரை உள்ளே விடு’ என்ற தலைப்புக்கு இந்தக் காட்சிதான் மறுபக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

12 ஜனவரி, காலை 9.55

கேரம் பற்றி எழுதியது தேவையில்லாதது என்று நினைத்தேன். அழிக்கப் போவதில்லை.

13 ஜனவரி, மாலை 5.00

என் அக்கா மகள் நேற்று வந்து என்னோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. முடிந்ததும் அவள் சொன்னது: “சித்தி, இது காதல் கதை இல்லை, ஆள் எடுக்கும் கதை.” ஹோகன் கிழவராகிவிட்டார், கை தவறுகிறது, இரண்டு முறை பிடிபடப் பார்த்து, கடைசியில் தன் முகத்தில் தானே அமிலத்தை ஊற்றிக்கொள்கிறார். அடுத்த ஆள் தேவை. பனியில் தனியாக நின்று மரத்தைக் கத்தியால் குத்திக்கொண்டிருக்கும் பையனைவிடப் பொருத்தமானவன் கிடைப்பானா?

எனக்கு ஒரு நாள் முழுக்க மறுமொழி கிடைக்கவில்லை. பிறகு மூன்று செய்திகளை வைத்துப் பார்த்தேன். நாவலில் ஹோகன், சிறுவர்கள் மேல் தகாத இச்சையால் வேலையை இழந்த ஆசிரியர். ஏலியோடு சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. படம் அந்த முன்கதை முழுவதையும் எடுத்துவிட்டது. 2010-இல் நியூ மெக்சிகோவுக்குக் கதையை மாற்றி எடுத்த அமெரிக்கப் படமோ, அந்த மனிதர் சிறுவனாக இருந்தபோது எடுத்த ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, அவரும் முன்பு இதே பையன்தான் என்று சொல்லிவிடுகிறது. ஸ்வீடன் படம் இரண்டையும் செய்யவில்லை. அவர் யார் என்று சொல்லாததால், அவள் சொன்னதும் இருக்கலாம், நான் நினைத்ததும் இருக்கலாம். நீச்சல் குளத்தில், மூன்று நிமிடம் மூச்சடக்கு, இல்லையேல் ஒரு கண் போய்விடும் என்று அவன் தலையைப் பிடித்து அழுத்துகிறார்களே, அங்கே ஏலி திரும்பி வந்தது ஆள் தேவைப்பட்டதாலா, அன்பினாலா? தண்ணீருக்கு மேலே வந்த பிறகு இருவரும் பார்த்துக்கொள்வதை நான் பத்து முறையாவது நிறுத்திப் பார்த்துவிட்டேன். ஏலியின் கண்கள் சிரிக்கின்றன, அவ்வளவுதான் தெரிகிறது.

அக்கா மகள் சொன்னது சரியாக இருந்தாலும் எனக்குப் படம் கெட்டுப்போகவில்லை. யாரும் அழைக்காத ஒரு பையனுக்கு, தன்னைக் கொண்டுபோய் ஹோகன் ஆக்கப்போகும் அழைப்பும் அழைப்புதான். அது எவ்வளவு பயங்கரம் என்று தெரிந்துகொண்டே அவனுக்காக மகிழ்ச்சியடைகிறோம். இழையைத் தொடங்கியவருக்குப் பயம் வேண்டுமானால் அதைத் தேட வேண்டிய இடம் இதுதான்.

14 ஜனவரி, பிற்பகல் 1.10

நம் ஊரில் இப்படி ஒரு படம் எடுக்கலாமே என்று கேட்டிருக்கிறார்கள். இரத்தம் குடிக்கும் பேய்க்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 1957-இலேயே கேத்தே கெரிஸ் நிறுவனம் இங்கே ‘பொந்தியானாக்’ எடுத்தது; இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. பொந்தியானாக் என்பது மலாய்ப் பெண்பேய்: பேறுகாலத்தில் இறந்த பெண், வாழைமரம், பிடரியில் ஆணி அடித்தால் அழகியாகிவிடுவாள். படச்சுருள் இன்று இல்லை. மூன்றாம் பாகமான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் தப்பியிருக்கிறது.

நாம் ‘இரத்தக் காட்டேரி’ என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் காட்டேரி அம்மனுக்குப் படையல் உண்டு. கருவுற்ற பெண்ணுக்காகவும் பிள்ளைக்காகவும் பூசை போடுவார்கள். விரட்டுவதைவிட, உனக்குரியதை வாங்கிக்கொண்டு எங்களை விட்டுவிடு என்று பேசி முடிப்பதே நம் வழக்கம். ஓஸ்கர் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

14 ஜனவரி, பிற்பகல் 1.25

நடைமுறைக் கணக்கு ஒன்று. பிளாக்கெபெர்க் என்று காட்டப்படும் காட்சிகளில் பெரும்பகுதி, உறுதியாகப் பனி கிடைக்கும் என்பதால் வடக்கே லூலியோவில் எடுக்கப்பட்டது. அங்கே டிசம்பரில் பகல் சுமார் மூன்று மணி நேரம்தான். ஆனால் சூன் மாதத்தில் இரவே இருக்காது, காட்டேரி பட்டினி. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழுக்கு விடிந்து ஏழுக்கு இருட்டும். நிலையான பன்னிரண்டு மணி நேரப் பணிமுறை. நானும் அதில்தான் இருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

15 ஜனவரி, இரவு 9.30

வட்டு வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: 2009-இல் அமெரிக்காவில் வெளியான வட்டில், திரையரங்கில் ஓடிய சப்டைட்டிலை மாற்றி, வசனத்தைச் சப்பென்று சுருக்கியிருந்தார்கள். பலர் குறைகூறிய பிறகு பழைய வரிகளோடு திருத்திய வட்டு வந்தது. நான் அன்று பாதித் தூக்கத்தில் பார்த்தது அந்தக் கெட்ட வட்டுதான் என்பதைப் பின்னால் கண்டுபிடித்தேன். என் தூக்கத்துக்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

17 ஜனவரி, காலை 8.50

இழையைத் தொடங்கியவர் நேற்றிரவு மறுபடியும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது என்கிறார்; ஆனால் கடைசி ரயில் காட்சியில், பெட்டிக்குள்ளிருந்து ஏலி தட்ட, ஓஸ்கர் திரும்பத் தட்டியது என்ன என்று தேடிப் பார்த்தாராம். ‘புஸ்’, சின்ன முத்தம். தேடியிருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

அவர் என் பிழை ஒன்றையும் பிடித்திருக்கிறார். காட்டில் வரும் வெள்ளை நாய் பொமரேனியன் இல்லை, பூடில். மீண்டும் போட்டுப் பார்த்தேன், பூடில்தான். ஹோகன் அதைத் துரத்தப் பார்க்கிறார். அது எழுந்திருக்காமல், தலையைக்கூடச் சாய்க்காமல், கேனில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.